தென்னமெரிக்காவின் தெற்கு முனையைச் சுற்றும் கப்பல் பயணம்: எதற்காகப் போக வேண்டும், எப்படிப் போக வேண்டும்?

உங்கள் கேள்வியை இப்படிப் புரிந்துகொண்டேன். அப்பாவுக்கு 68 வயது, அம்மாவுக்கு 63. அம்மாவுக்கு முழங்கால் வலி. இருவரும் சைவம். வரும் பிப்ரவரியில் சிலியின் சான் அந்தோனியோ துறைமுகத்தில் ஏறி, கண்டத்தின் தெற்கு முனையைச் சுற்றி, 14 நாளில் அர்ஜென்டினாவின் ப்யூனஸ் அயர்ஸில் இறங்கும் கப்பலில் அவர்களை அழைத்துப்போக நினைக்கிறீர்கள். இவ்வளவு செலவு தகுமா, எந்தத் திசையில் போவது, கேபின் எந்தப் பக்கம் எடுப்பது, எந்தெந்த ஊரில் சுற்றுலாவுக்குப் பணம் கட்டுவது என்று கேட்கிறீர்கள்.

நான் இந்த வழியில் இரண்டு முறை போயிருக்கிறேன். ஒரு முறை மேற்கிலிருந்து கிழக்காக, மறுமுறை எதிர்த்திசையில். என் பதில்: அவசியம் அழைத்துப் போங்கள். ஆனால் துறைமுக நகரங்களை மனத்தில் வைத்து இந்தப் பயணத்தைத் திட்டமிடாதீர்கள். அந்த நகரங்கள் எல்லாவற்றுக்கும் விமானத்தில் போய்விடலாம். இரண்டு துறைமுகங்களுக்கு நடுவே, மலைகளுக்கு இடையில் கப்பல் மெல்ல ஊர்ந்து செல்லும் அந்த நீர்வழிகளைக் கடலிலிருந்துதான் பார்க்க முடியும். விளம்பரத் தாளில் ‘கடல் நாள்’ என்று ஒரு வரியில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் கொடுக்கும் பணத்தின் பெரும்பகுதிக்கு உரிய பொருள் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

முதலில் காற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைப் புரிந்துகொண்டால் பயணம் முழுவதும் புரிந்துவிடும். தெற்கு அட்சரேகை 40 பாகைக்குக் கீழே பூமியைச் சுற்றி ஏறக்குறைய கடல் மட்டும்தான் இருக்கிறது. தடுக்க நிலம் இல்லாததால் மேற்கிலிருந்து வரும் காற்று ஓய்வில்லாமல் வீசுகிறது. அந்தக் காற்று முதன்முதலில் மோதும் சுவர் ஆண்டிஸ் மலைத்தொடரின் தென்பகுதி. பசிபிக் கடலிலிருந்து அள்ளிவந்த ஈரத்தை எல்லாம் சிலியின் பக்கம் மழையாகவும் பனியாகவும் கொட்டிவிடுகிறது. ஆண்டாண்டாக விழுந்த பனி இறுகி இறுகித்தான் தென் படகோனியப் பனிவயல் உருவானது. ஏறக்குறைய 12,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த அதன் ஓரங்கள் பள்ளத்தாக்குகள் வழியே வழிந்து பனியாறுகளாகக் கடலைத் தொடுகின்றன. மலையைத் தாண்டி அர்ஜென்டினாவுக்குள் இறங்கும்போது அதே காற்றில் ஈரம் இல்லை. அதனால்தான் உங்கள் பயணத்தின் கடைசிப் பகுதியில் வரும் புவெர்ட்டோ மாட்ரின் முள்புதர் மண்டிய வறண்ட நிலம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இரண்டு பக்கமும் வாழ்ந்து பழகிய நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இன்னொன்று. நம் மொழியில் தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை. அங்கே அது தலைகீழ். வடக்குக் காற்று வெதுவெதுப்பானது. தெற்கிலிருந்து வருவது அண்டார்டிகாவைத் தொட்டு வருவது. அது எலும்பைத் தொடும். அம்மாவிடம் இதைச் சொல்லி வையுங்கள். டெக்கில் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று அவரே முடிவு செய்துகொள்வார்.

திசையைப் பொறுத்தவரை நீங்கள் தேர்ந்தெடுத்ததே நல்லது. மேற்குக் காற்று முதுகுப்பக்கம் இருக்கும். பாய்மரக் கப்பல் காலத்தில் எதிர்த்திசையில் போனவர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. 1788-இல் பிரிட்டிஷ் கப்பலான பவுன்ட்டி கிழக்கிலிருந்து மேற்காக, கண்டத்தின் தென்கோடியான ஹார்ன் முனையைக் கடக்க ஏறக்குறைய ஒரு மாதம் போராடி, தோற்றுத் திரும்பி, ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போனது. இன்றைய இயந்திரக் கப்பலுக்கு அந்தக் கவலை இல்லை என்றாலும், டெக்கில் நிற்கிறவருக்கு எதிர்க்காற்றும் பின்காற்றும் ஒன்றல்ல. மேலும், மேற்கிலிருந்து வந்தால் முதல் வாரத்திலேயே பனியாறுகள் வந்துவிடுகின்றன. உடல் களைப்பதற்கு முன் பெரியதைப் பார்த்துவிட்டு, பின்பு வெயிலும் ஊர்களுமாக ஆறுதலாகப் பயணத்தை முடிக்கலாம். வயதானவர்களுக்கு இந்த வரிசை ஒத்துவருகிறது.

கேபின் இடப்பக்கம் எடுங்கள். கப்பல் தெற்கு நோக்கிப் போகும்போது சிலியின் பெருநிலம் இடப்பக்கம்தான் இருக்கும். பிறகு தெற்கு முனைக்கு அருகே உள்ள பீகிள் கால்வாயில் கிழக்கு நோக்கித் திரும்பும்போது பனியாறுகள் வடகரையில், அதாவது மறுபடியும் இடப்பக்கத்தில் வரும். எதிர்த்திசைப் பயணமாக இருந்தால் வலப்பக்கம். பால்கனி இருந்தால் அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கலாம். அந்த ஒரு காரணத்துக்காக அது தகும். ஆனாலும் பனியாற்றின் முன் கப்பல் நிற்கும் நேரத்தில் திறந்த டெக்குக்கு வந்துவிட வேண்டும். கப்பல் சுற்றித் திரும்புவதும், எல்லாரும் பேச்சை நிறுத்துவதும், பனி விரிசல் விடும் ஓசையும் பால்கனியில் முழுமையாகக் கிடைக்காது. கேபின் கப்பலின் நடுப்பகுதியில், கூடியமட்டும் கீழ்த்தளத்தில் இருக்கட்டும். முன்முனையிலும் மேல்தளத்திலும் ஆட்டம் அதிகம்.

சான் அந்தோனியோவில் பார்க்க அதிகம் இல்லை. கப்பல் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்பே போய், அங்கிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் வல்பரைசோவில் தங்குங்கள். சென்னையிலிருந்து சிலி போய்ச் சேரவே ஒன்றரை நாள் ஆகும். அந்தக் களைப்போடு அவர்களை நேராகக் கப்பலில் ஏற்ற வேண்டாம். வல்பரைசோ கடலைப் பார்த்துச் சரிந்த குன்றுகளின் மேல் வண்ண வண்ணத் தகர வீடுகளாக அடுக்கிய ஊர். குன்றில் ஏற அசென்சோர் என்னும் கம்பிவட இழுவைப் பெட்டிகள் உண்டு. அவற்றில் முதலாவது 1883-இல் ஓடத் தொடங்கியது. அம்மா ஒரு படியும் ஏறாமல் மேலே போகலாம். ஹார்ன் முனையைச் சுற்றிக் களைத்துவந்த கப்பல்கள் இளைப்பாறிச் சரக்கேற்றிய துறைமுகம் இது. செல்வமும் அப்படி வந்ததுதான். 1914 ஆகஸ்டில் பனாமா கால்வாய் திறந்ததும் அந்தக் கப்பல்கள் வருவது நின்றுபோனது. பழைய வங்கிக் கட்டடங்களைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் புன்டா அரினாஸ் துறைமுகத்தின் கதையும் இதுதான்.

சிலியின் தெற்கே உள்ள புவெர்ட்டோ மான்டில் பெரிய கப்பல்கள் கரையை ஒட்டுவதில்லை. நடுநீரில் நங்கூரமிட்டு, சிறு படகுகளில் பயணிகளை இறக்குவார்கள். கப்பலின் பக்கவாட்டுக் கதவிலிருந்து ஆடும் படகுக்கு ஓர் அடி எடுத்து வைக்க வேண்டும். மாலுமிகள் இருவர் கையைப் பிடித்துக்கொள்வார்கள். ஆனாலும் அலை அதிகமுள்ள நாளில் முழங்காலுக்கு அது சோதனைதான். வழியில் எந்தெந்த ஊரில் படகு, எந்தெந்த ஊரில் நேரடி இறங்குதுறை என்று கப்பல் நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பொதுவாக ஃபாக்லாந்துத் தீவுகளின் ஸ்டான்லியில் படகு. அர்ஜென்டினாவின் உஷுவாயா, புவெர்ட்டோ மாட்ரின், உருகுவேயின் மான்டிவீடியோ ஆகியவற்றில் நேரடி இறங்குதுறை.

கரைக்குப் போனால் ஓசோர்னோ எரிமலைப் பக்கம் போகும் அரைநாள் பயணம் போதும். 2,652 மீட்டர் உயரம், உச்சியில் பனிக்குல்லாய், கீழே யான்கீவே ஏரி. வானம் திறந்திருந்தால் கண்ணை எடுக்க முடியாது. 1850-களில் ஜெர்மானியர்கள் குடியேறிய பகுதி என்பதால் மரவீடுகளும் கேக் கடைகளும் நிறைய. என் மனம் என்னவோ எதிரே இருக்கும் சிலோயே தீவில்தான். உலகின் பெரும்பாலான நாடுகளில் இன்று பயிரிடும் உருளைக்கிழங்கு வகைகளின் மரபுவழியைத் தேடிப் போனால் அது இந்தத் தென்சிலித் தாழ்நிலக் கிழங்கில் போய் நிற்கிறது. சந்தையில் கறுப்பும் ஊதாவும் சிவப்புமாகக் கிழங்குகளைக் குவித்து வைத்திருப்பார்கள். நம் வீட்டு மசாலாக் கிழங்கின் பாட்டிமாரை அங்கே பார்ப்பது எனக்கு எந்த மாளிகையைப் பார்ப்பதையும் விட மகிழ்ச்சியாக இருந்தது.

இனித்தான் விஷயம் தொடங்குகிறது. புவெர்ட்டோ மான்டுக்குத் தெற்கே சிலியின் கரை ஆயிரக்கணக்கான தீவுகளாக உடைந்து கிடக்கிறது. கப்பல் தீவுகளுக்கு உள்ளே போகுமா, வெளிக்கடலில் போகுமா என்பதைத்தான் பணம் கட்டுவதற்கு முன் நீங்கள் கேட்க வேண்டும். சில கப்பல்கள் நேரத்தை மிச்சப்படுத்த வெளிக்கடலிலேயே பெரும்பகுதி ஓடிவிடுகின்றன. ‘சிலியின் ஃபியோர்டுகள்’ (மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த குறுகிய நீர்வழிகள்) என்று பயணத் திட்டத்தில் எழுதியிருப்பது போதாது. எந்தக் கால்வாய், எந்தப் பனியாறு, எந்த நாள், பகலா இரவா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

உள்வழியில் போகும் கப்பலும் பெனாஸ் வளைகுடாவில் மட்டும் வெளிக்கடலுக்கு வந்தே ஆக வேண்டும். பெனாஸ் என்றால் ஸ்பானிஷில் துயரங்கள். பெயருக்கு ஏற்ற கடல்தான். சில மணி நேரம் கப்பல் நன்றாக ஆடும். அன்று இரவு உணவை எளிதாக முடித்துக்கொண்டு, மருத்துவர் சொன்ன மாத்திரையை ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே போட்டுக்கொண்டு, அப்பாவும் அம்மாவும் படுத்துவிடுவது நல்லது. விடியும்போது கப்பல் மெசியே கால்வாய்க்குள் வந்திருந்தால் கடல் ஏரிபோல அமைதியாகக் கிடக்கும். நீர் கரும்பச்சை. இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை, பாறையை மூடிய ஈரக்காடு, ஒவ்வொரு மடிப்பிலும் அருவி. முதல் அரைமணி நேரம் அருவிகளை எண்ணினேன். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். இந்தக் கால்வாய்களில் கப்பலுக்கு வழிகாட்டும் சிலி நாட்டுப் பைலட்டுகள் கட்டாயம் கப்பலில் இருப்பார்கள். வழியில் கேப்டன் லியோனிடாஸ் என்ற பழைய சரக்குக் கப்பல் 1968-இல் நீருக்கடியிலுள்ள பாறைமேட்டில் ஏறியபடி துருப்பிடித்து நிற்பதைப் பார்க்கலாம். பைலட் ஏன் வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

இந்த நீர்வழியின் கரையில் புவெர்ட்டோ எடேன் என்று ஒரு சின்ன ஊர். சாலை கிடையாது, மரப்பலகைப் பாதைகள் மட்டும். பல ஆயிரம் ஆண்டுகள் இந்தக் கால்வாய்களில் படகே வீடாக வாழ்ந்த காவெஸ்கர் மக்களில் எஞ்சிய சிலர் இருக்கும் இடம் இது. பெரிய கப்பல் நிற்காது. ஆனால் கடந்து போகும்போது அப்பா அம்மாவுக்குக் காட்டுங்கள். ஆளில்லாத காடு என்று பயணிகள் படம் எடுத்துக்கொண்டு போகும் இடம் ஒரு மக்களின் வீடு.

பனியாறுகளில் பியோ 11 பார்க்கக் கிடைத்தால் அது பேறு. அண்டார்டிகாவுக்கு வெளியே, தென்கோளத்தின் மிகப்பெரிய பனியாறு அதுதான். 60 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். உலகெங்கும் பனியாறுகள் சுருங்கிக்கொண்டிருந்த 20-ஆம் நூற்றாண்டில் இது முன்னேறி வந்து, வளர்ந்து நின்ற காட்டு மரங்களையே தள்ளி வீழ்த்தியிருக்கிறது. பெரும்பாலான கப்பல்கள் அதற்குப் பதிலாக அமாலியா பனியாற்றுக்குப் போகின்றன. அதுவும் குறைந்ததல்ல, ஆனால் பல ஆண்டுகளாகப் பின்வாங்கி வருகிறது.

பனியாறு ஏன் நீலம் என்று அம்மா கேட்பார். என் அம்மாவும் கேட்டார். புதுப்பனியில் காற்றுக் குமிழிகள் நிறைய. அவை எல்லா நிற ஒளியையும் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. மேலே மேலே பனி சேர்ந்து நசுக்கும்போது குமிழிகள் சுருங்கி, பனி கண்ணாடிபோல இறுகிவிடுகிறது. அப்போது ஒளி ஆழமாக உள்ளே போய், சிவப்புப் பகுதி உறிஞ்சப்பட்டு, நீலம் மட்டும் திரும்பி வருகிறது. எனவே மேகம் மூடிய நாளில் ஏமாற்றம் அடைய வேண்டாம். வெயிலின் கூச்சம் இல்லாத அன்றுதான் நீலம் ஆழமாகத் தெரியும். பனி உடைந்து விழுவதைக் கண் முதலில் பார்க்கும். இடிபோன்ற ஓசை சில விநாடிகள் கழித்துத்தான் காதுக்கு வரும். அந்த இடைவெளியில்தான் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு பெரியது என்று உடம்புக்கு உறைக்கிறது.

அடுத்தது மகெல்லன் ஜலசந்தி. 1520 அக்டோபர் 21-இல் மகெல்லன் கிழக்கிலிருந்து இதன் வாயைக் கண்டு நுழைந்து, நவம்பர் 28-இல் பசிபிக்குள் வெளிவந்தார். ஐந்து கப்பல்களோடு புறப்பட்டவரிடம் அப்போது மூன்றுதான் இருந்தன. ஒன்று முன்பே உடைந்துபோனது. இன்னொன்று ஜலசந்திக்குள்ளேயே கட்டளையை மீறி ஊருக்குத் திரும்பிவிட்டது. கரைகளில் எரிந்த நெருப்புகளிலிருந்துதான் தெற்கே இருக்கும் பெருந்தீவுக்கு டியெரா டெல் ஃபியூகோ, நெருப்பு நிலம், என்று பெயர் வந்தது.

புன்டா அரினாஸில் கம்பளி வியாபாரத்தால் பணம் குவித்தவர்களின் மாளிகைகளும், அழகாக வெட்டிய சைப்ரஸ் மரங்கள் வரிசையாக நிற்கும் கல்லறைத் தோட்டமும் உண்டு. இரண்டையும் நடந்தே பார்க்கலாம். அந்தக் கம்பளிச் செல்வத்துக்காக டியெரா டெல் ஃபியூகோவில் செல்க்னாம் மக்களை ஆட்டுப்பண்ணைக்காரர்களின் ஆட்கள் வேட்டையாடிக் கொன்றார்கள். மாளிகையில் சரவிளக்கைப் பார்க்கும் யாரும் இதைத் தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். மனத்துக்கு நிறைவான கதையும் இந்த ஊரில் இருக்கிறது. 1916-இல் அண்டார்டிகா ஆய்வுப் பயணி ஷாக்கில்டனின் ஆட்கள் 22 பேர் அண்டார்டிகாவை அடுத்த எலிஃபன்ட் தீவில் சிக்கிக்கொண்டபோது, மூன்று முயற்சிகள் தோற்ற பிறகு, லூயிஸ் பார்தோ என்ற சிலி மாலுமி யெல்ச்சோ என்ற சின்ன நீராவிக் கப்பலை இங்கிருந்து ஓட்டிப்போய், ஆகஸ்ட் 30 அன்று 22 பேரையும் உயிரோடு மீட்டார். பனியைத் தாங்கும் பலமும் சூடேற்றும் வசதியும் அந்தக் கப்பலுக்கு இல்லை. கப்பல்காரர்கள் விற்கும் நீண்ட சுற்றுலா எதுவும் இந்த ஊரில் வேண்டாம். தோரெஸ் தெல் பைனே தேசியப் பூங்காவுக்கு ஒரே நாளில் போய்வரலாம் என்று சொல்வார்கள். சாலையில் போக மட்டும் ஐந்து மணி நேரம். பெற்றோருக்கு வேண்டவே வேண்டாம்.

புன்டா அரினாஸுக்கும் உஷுவாயாவுக்கும் நடுவில் பீகிள் கால்வாய். இந்த வழியில் ஒரே ஒரு நாளைத்தான் திரும்பப் பெறலாம் என்று யாராவது எனக்கு வரம் கொடுத்தால் இதைத்தான் கேட்பேன். வடமேற்குக் கிளைக்குள் நுழைந்ததும் டார்வின் மலைத்தொடரிலிருந்து பனியாறுகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிவருகின்றன. ரோமான்ச், ஜெர்மனி, பிரான்சு, இத்தாலி, ஹாலந்து என்று பெயர்கள். ரோமான்ச் என்பது 1882–83-இல் ஹார்ன் முனைக்கு வந்த பிரெஞ்சு அறிவியல் குழுவின் கப்பல். அந்தப் பனியாறு மேலே பாறை விளிம்பிலேயே நின்றுவிடுகிறது. அதன் உருகுநீர் மட்டும் பேரருவியாகக் கால்வாயில் கொட்டுகிறது. இத்தாலி கடல்வரை இறங்கிவருகிறது. இவை அனைத்தும் சில மணி நேரத்துக்குள் கடந்துவிடும்.

1833 ஜனவரியில் பீகிள் கப்பலின் சிறு படகுகளில் இந்தக் கிளைக்குள் வந்த டார்வினுக்கு அப்போது 23 வயது. கரையில் அவர்கள் இருந்தபோது பனியாறு ஒன்று உடைந்து விழ, பேரலை கிளம்பிப் படகுகளை நோக்கி வந்தது. டார்வினும் சில மாலுமிகளும் ஓடிப்போய்ப் படகுகளைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றினார்கள். படகு போயிருந்தால் அந்தக் கரையிலிருந்து மீள வழியே இல்லை. மறுநாள் கேப்டன் ஃபிட்ஸ்ராய் அங்கிருந்த அகன்ற நீர்ப்பரப்புக்கு டார்வினின் பெயரை வைத்தார்.

ஆனால் அந்த நீருக்கு அதற்கு முன்பே பெயர் இருந்தது. யாகான் மக்கள் வைத்த பெயர். மரப்பட்டைப் படகின் நடுவே மண் பரப்பி அதன்மேல் நெருப்பை அணையாமல் காத்து, இந்தக் கால்வாய்களில் வாழ்ந்தவர்கள் அவர்கள். படகைத் துடுப்பிட்டதும், பனிக்குளிர் நீரில் மூழ்கிச் சிப்பி எடுத்ததும் பெண்கள். 19-ஆம் நூற்றாண்டில் வெளியார் வந்த பின் அம்மை நோய்கள் பரவிப் பெரும்பாலோர் இறந்தார்கள். தாமஸ் பிரிட்ஜஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் தொகுத்த யாகான் அகராதியில் ஏறக்குறைய 32,000 சொற்கள் உள்ளன. அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதரான கிறிஸ்டினா கால்தெரோன், கால்வாயின் தென்கரையில் புவெர்ட்டோ வில்லியம்ஸ் அருகே வாழ்ந்து, 2022 பிப்ரவரி 16 அன்று 93 வயதில் காலமானார். மொழியை உயிராக எண்ணும் நமக்கு அந்தக் கரையை வெறும் காட்சியாகக் கடக்க மனம் வராது. உஷுவாயாவைத் தாண்டிக் கப்பல் கிழக்கே நகரும்போது தென்கரையில் சில விளக்குகள் தெரியும். அதுதான் புவெர்ட்டோ வில்லியம்ஸ்.

உஷுவாயாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கப்பல் ஊரின் மடியிலேயே நிற்கும், இறங்கினால் கடைத்தெரு. 1947-இல் மூடிய பழைய சிறைச்சாலை இன்று அருங்காட்சியகம். கைதிகளை விறகு வெட்ட ஏற்றிச்சென்ற குறுகிய ரயில்பாதையில் இப்போது சுற்றுலா ரயில் ஓடுகிறது; முழங்கால் வலிக்காரருக்கு அதுவே சரி. ஜன்னல் வழியே வெட்டிய அடிமரங்களைக் கவனியுங்கள். சில தரையோடு இருக்கும், சில இடுப்பு உயரம் இருக்கும். உயரமானவை குளிர்காலத்தில் பனி மட்டத்தில் வெட்டியவை.

ஹார்ன் முனையில் பெரிய கப்பல்கள் ஆளை இறக்குவதில்லை. சுற்றிவந்து காட்டிவிட்டுப் போய்விடும். 1616-இல் டச்சு மாலுமிகள் ஷவுட்டனும் லே மேரும் இதைக் கண்டு, ஷவுட்டனின் ஊரான ஹோர்னின் பெயரை வைத்தார்கள். 425 மீட்டர் உயரக் கறுப்புப் பாறை. தீவின் மேல் ஆல்பட்ராஸ் பறவை வடிவில் ஒரு நினைவுச்சின்னம்; இங்கே மூழ்கிய மாலுமிகளுக்காக 1992-இல் எழுப்பியது. இதற்குத் தெற்கே அண்டார்டிகாவை அடுத்த தீவுகள் வரை ஏறக்குறைய 800 கிலோமீட்டர் பெரும்பாலும் நீர்தான். அவ்வளவு பெரிய காற்றும் கடலும் நெருங்கி நுழையும் இடைவெளி அது என்பதால்தான் அலை இப்படி. தரையில் காலூன்றியே ஆக வேண்டும் என்றால் புன்டா அரினாஸ்–உஷுவாயா இடையே ஓடும் ஆஸ்திராலிஸ் போன்ற சிறு கப்பல்கள் முயல்கின்றன. ஆனால் ரப்பர் படகும் நீண்ட மரப்படிக்கட்டும் அம்மாவுக்கு ஆகாது.

ஃபாக்லாந்துத் தீவின் ஸ்டான்லியைப் பற்றி உங்களை முன்கூட்டியே தயார்ப்படுத்துகிறேன். என் முதல் பயணத்தில் ஊர் கண்முன்னே தெரிந்தது. காற்று அதிகம் என்று கேப்டன் படகை இறக்க மறுத்துவிட்டார். சுற்றுலாவுக்கு வெளியாளிடம் கட்டிய முன்பணம் திரும்ப வரவில்லை. அதனால் இந்த ஒரு ஊரில் மட்டும் கப்பல் நிறுவனத்தின் மூலமாகவே பதிவு செய்யுங்கள், அல்லது கப்பல் வராவிட்டால் பணத்தைத் திருப்பித் தரும் ஆளிடம் பேசுங்கள். கேப்டன் செய்தது முற்றிலும் சரி; மறுமுறை நான் அங்கே இறங்கியபோது காலையில் இருந்த அமைதி பிற்பகலில் இல்லை. இறங்க முடிந்தால் ஜிப்சி கோவ் பென்குயின்களே போதும். அரசப் பென்குயின்கள் இருக்கும் வாலன்டியர் முனைக்குச் சதுப்பு நிலத்தில் ஜீப் இரண்டு மணி நேரத்துக்கு மேல் குலுங்கிக்கொண்டு போகும். அப்பா தனியாகப் போகட்டும். அம்மா ஊருக்குள் தேவாலயத்தின் முன் திமிங்கலத் தாடை எலும்புகளால் 1933-இல் அமைத்த வளைவைப் பார்த்துவிட்டுத் தேநீர் அருந்தலாம். 1982 ஏப்ரல் 2 முதல் ஜூன் 14 வரை இந்தத் தீவுகளுக்காகப் பிரிட்டனுக்கும் அர்ஜென்டினாவுக்கும் நடந்த போரின் நினைவு இரு பக்கமும் ஆறவில்லை. அர்ஜென்டினாவில் இந்தத் தீவுகளை மால்வினாஸ் என்று சொல்வதே மரியாதை.

புவெர்ட்டோ மாட்ரினில் பிப்ரவரியில் திமிங்கலம் கிடையாது; ஜூன் முதல் டிசம்பர் வரைதான் காலம். யாராவது காட்டுகிறேன் என்றால் பணம் கொடுக்காதீர்கள். பென்குயின் உண்டு; புன்டா தொம்போவில் குஞ்சுகள் இறகு மாற்றிக்கொண்டு நிற்கும் பருவம் அது. பஸ்ஸில் போக இரண்டரை மணி நேரம். அது அதிகம் என்றால் கைமன் என்ற சிற்றூருக்குப் போங்கள். 1865-இல் தங்கள் மொழியைக் காப்பாற்றிக்கொள்ள வேல்ஸ் நாட்டிலிருந்து ஏறக்குறைய 150 பேர் மிமோசா என்ற கப்பலில் வந்து இறங்கினார்கள். அவர்களின் சந்ததியார் இன்னும் வெல்ஷ் மொழி பேசுகிறார்கள். தேநீர்க் கடையில் மேசை நிறையக் கேக்கும் ரொட்டியும் வைப்பார்கள்.

மான்டிவீடியோவில் இறங்குதுறையிலிருந்து பழைய நகரத்துக்கு நடந்தே போகலாம். துறைமுகச் சந்தை முழுவதும் இறைச்சி சுடும் புகைதான். சைவக்காரர்களுக்கு அங்கே வேலை இல்லை. பீட்சா கடைக்குப் போய் ‘ஃபைனா’ என்று கேளுங்கள். இத்தாலியிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த, கொண்டைக்கடலை மாவில் சுட்ட அடை. மேலே மிளகு தூவித் தருவார்கள். அம்மாவுக்கு அது வீட்டுச் சாப்பாடு போலவே இருக்கும். ப்யூனஸ் அயர்ஸிலும் கிடைக்கும். அந்த நகரத்துக்கு மூன்று நாளாவது தனியே ஒதுக்குங்கள். அதை எழுத வேறொரு பதில் வேண்டும்.

கப்பலில் சைவ உணவு கேட்டால் கிடைக்கும். பதிவு செய்யும்போதே சொல்லி, ஏறிய அன்று இரவே உணவுக்கூடப் பொறுப்பாளரிடம் மறுபடி சொல்லுங்கள். மீன் சைவமல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊறுகாய், பருப்புப்பொடி விஷயத்தில் கவனம். சிலியில் வேளாண் சோதனை மிகக் கடுமை. பழம், விதை, பால் பொருள் எதுவாக இருந்தாலும் படிவத்தில் குறிப்பிட்டே ஆக வேண்டும். குறிப்பிட்டால் எடுத்துக்கொண்டு விட்டுவிடுவார்கள், மறைத்தால் அபராதம். விமானத்தில் கொடுத்த ஆப்பிளும் இதில் அடக்கம்.

விசா விஷயத்தில் ஒரே நாட்டுக்குள் இரண்டு முறை நுழைய நேரலாம் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிலி, அர்ஜென்டினா, பிரிட்டிஷ் ஆளுகையில் உள்ள ஃபாக்லாந்து, உருகுவே என்று நான்கு எல்லைகள். இந்திய பாஸ்போர்ட்டுக்கு ஒவ்வொன்றிலும் என்ன தேவை என்று தூதரகங்களில் கேட்டுவிட்டு, கப்பல் நிறுவனத்திடமும் எழுத்தில் பெறுங்கள். அர்ஜென்டினா, பிரேசில் வழியாக இந்தியா திரும்புகிறவர்களிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள்; பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். 60 வயதைத் தாண்டியவர்கள் முதல்முறையாக இந்த ஊசியைப் போடுவதில் எச்சரிக்கை தேவை. எனவே இருவரையும் முதலில் உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

துணி: குடை வேண்டாம், காற்றில் நிற்காது. காற்றும் மழையும் புகாத மேலங்கி, உள்ளே இரண்டு மூன்று அடுக்கு, காதை மூடும் குல்லாய், கையுறை. அம்மா புடவைதான் கட்டுவார் என்றால் உள்ளே கம்பளிக் கால்சட்டை போட்டுக்கொள்ளட்டும்.

பீகிள் கால்வாய் வரும் நாளில் சில கப்பல்கள் விடியற்காலையிலேயே பனியாறுகளைக் கடந்துவிடும். பிப்ரவரியில் அங்கே ஆறரை மணி வாக்கில் சூரியன் உதிக்கும். ஒலிபெருக்கி அறிவிப்பை நம்பிப் படுத்திருக்காமல், முந்தின இரவே வரவேற்பு மேசையில் நேரத்தைக் கேட்டுக்கொண்டு, அரைமணி முன்னதாக இரண்டு பேரையும் எழுப்பி, ஃபிளாஸ்கில் காபியோடு இடப்பக்க டெக்கில் காற்று மறைவாக ஓரிடம் பிடித்து உட்கார வையுங்கள்.